கேட்கும் பொறுமை, சொல்லும் துணிவு

பொறியியல் பட்டம் பெற்று, பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதேனும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஐந்தாறு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்ட இளைஞர்களிடம், அடுத்தபடியாக என்ன உத்தேசம் என்று விசாரித்தால், கணிசமானோர் 'கன்சல்டிங் பக்கம் போக வேண்டும்' என்று சொல்லக் கேட்கலாம். சம்பளம் அதிகம், வெளிநாட்டுப் பிரயாணம் உண்டு, பிறர் எழுதிக் கொடுத்த வேலையைச் செய்து முடிப்பதைவிடப் பிறருக்கு யோசனை சொல்லும் அந்தஸ்து உண்டு என்பவை அதற்குரிய காரணங்கள்; அவற்றில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொழிலுக்கு என்ன ஆயத்தம் செய்கிறீர்கள் என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால், கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது: இன்ன கிளவுட் கம்பெனியின் சான்றிதழுக்குப் படிக்கிறேன், இன்ன ஈஆர்பி மென்பொருளில் பயிற்சி எடுக்கிறேன், இன்ன பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்று.

சான்றிதழ்களை நான் இகழவில்லை. வாசலில் நிற்பவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டிய நிர்வாகிக்கு ஏதாவது ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. அந்த மட்டில் அவற்றுக்குப் பிரயோஜனம் உண்டு. எனினும் அமேசானின் கிளவுட் சான்றிதழ்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிவிடுகின்றன என்ற ஒரு சாமானிய விஷயத்தைச் சற்று நிதானமாக யோசித்துப் பார்த்தால், எந்த ஞானம் மூன்று ஆண்டுகளில் மறுபடியும் நிரூபிக்கப்பட வேண்டியதாக இருக்கிறதோ அந்த ஞானத்தை மட்டும் மூலதனமாகக் கொண்டு முப்பது ஆண்டுகள் ஒரு தொழிலை நடத்த முடியாது என்பது விளங்கும். போதாக்குறைக்கு, மென்பொருள் பற்றிய எந்தக் கேள்விக்கும் நொடியில் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று வாடிக்கையாளரின் கைப்பேசியிலேயே வந்துவிட்டன; அவரும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆலோசகரை அழைக்கிறார். அப்படியிருந்தும் அழைக்கிறார் என்றால், இயந்திரத்தைப் பற்றிய அறிவுக்கு அப்பால் வேறு எதையோ எதிர்பார்க்கிறார் என்றுதான் அர்த்தம்.

அந்த 'வேறு எதையோ' இரண்டு பகுதிகளாகப் பிரித்துச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம். பிறருடைய வேலையை, அந்த வேலையைச் செய்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அலுப்பில்லாமல் கேட்டறிகிற பொறுமை ஒன்று. அப்படி அறிந்ததன் முடிவு, பணம் கொடுக்கிறவருக்கு உவப்பாக இல்லாதபோதும், திருத்துவதற்குக் காலம் இருக்கும்போதே அதை அவரிடம் சொல்லிவிடுகிற துணிவு மற்றொன்று. இத்தொழிலைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் அடுக்கிக் காட்டும் இதர சாமர்த்தியங்கள், அதாவது மேடைப் பேச்சு, அழகான ஸ்லைடுகள், நேர நிர்வாகம், அறிமுகங்களைப் பெருக்கிக்கொள்வது ஆகியவையெல்லாம், இவ்விரண்டும் உள்ளவரிடம் சோபிக்கும். இவ்விரண்டும் இல்லாதவரிடம் வெறும் அலங்காரமாக நின்றுவிடும்.

முதலாவதற்குத் தலைசிறந்த திருஷ்டாந்தம், இந்தத் தொழிலுக்கு இன்னும் ஒரு பெயர்கூட ஏற்படாத காலத்தில், லண்டனில் ஒரு தேநீர்க் கடை நிறுவனத்தில் நிகழ்ந்தது. ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி என்ற அந்த ஸ்தாபனம் நாடெங்கும் தேநீர்க் கடைகளை நடத்தி, அவற்றுக்கு வேண்டிய ரொட்டி, கேக் முதலியவற்றைத் தன் சொந்த அடுமனைகளில் தயாரித்து விநியோகித்து வந்தது. லாபமோ கோப்பை ஒன்றுக்குக் காசுக் கணக்கில். பரிவர்த்தனைகளோ நாளொன்றுக்கு லட்சக்கணக்கில். ஆகவே கணக்கு எழுதும் செலவைக் குறைப்பது அவர்களுக்கு ஜீவாதாரமான பிரச்சினையாக இருந்தது. 1947இல் தாம்ப்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரு நிர்வாகிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தபோது, கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒரு கம்ப்யூட்டர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி, தங்கள் ஊருக்கு அருகிலேயே நடக்கும் விஷயம், அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போன பிறகு அவர்களுக்குத் தெரியவந்தது. லயன்ஸ் அந்த முயற்சிக்கு 3,000 பவுன் கொடுத்து உதவியது. பிறகு அதே மாதிரியைப் பின்பற்றித் தனக்கென்று 'லியோ' என்ற இயந்திரத்தைக் கட்டிக்கொண்டது. 1951 நவம்பரில் அது அடுமனைக் கணக்கைப் போடத் தொடங்கியது. வியாபார அலுவலக வேலையை ஒரு கம்ப்யூட்டர் வாடிக்கையாகச் செய்யத் தொடங்கியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

ஒரு கேக் வியாபாரி கம்ப்யூட்டர் கட்டினார் என்ற விந்தையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட விசேஷமாகப் படுவது, அந்த இயந்திரம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1931இலேயே, குமாஸ்தாக்கள் செய்யும் வேலையை ஆராய்வதற்கென்று ஒரு தனி இலாகாவை லயன்ஸ் ஏற்படுத்தியிருந்தது என்பதுதான். எந்தத் தாள் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, ஏன் போகிறது, போகாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். அந்தப் பாரம்பரியத்தில் வந்த டேவிட் காமினர் என்பவர்தான் லியோவுக்கு வேலைகளை வகுத்துக் கொடுத்தார். இயந்திரம் என்ன செய்யக்கூடும் என்பதிலிருந்து அவர் ஆரம்பிக்கவில்லை.

1954இல் அவருடைய குழு தேநீர்க் கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஒரு மேலாளர்ப் பெண்மணி. அவர் நாள்தோறும், நாளைக்கு இத்தனை ரொட்டி வேண்டும், இத்தனை கேக் வேண்டும் என்று ஒவ்வொரு பண்டத்துக்கும் கைப்பட எழுதி அனுப்பியாக வேண்டும். சாதாரணமான ஒரு கணினி நிபுணர் இந்தப் படிவங்களை வேகமாக உள்ளே செலுத்துவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். மெச்சத்தக்க வேகமாகவும் அது இருந்திருக்கும். காமினரின் ஆட்களோ கடைகளின் போக்கைக் கவனித்து, திங்கட்கிழமைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் போன திங்கட்கிழமை தேவைப்பட்டதுதான் என்பதை உணர்ந்து, வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிரந்தரப் பட்டியலை இயந்திரத்தில் வைத்துவிட்டார்கள். மேலாளர்ப் பெண்மணி தலைமை அலுவலகத்துடன் தொலைபேசியில் பேசும்போது அந்தப் பட்டியலிலிருந்து மாறுபடுவதை மட்டும் சொன்னால் போதும்; சொல்லச் சொல்ல அது துளையட்டையில் பதிவாகிவிடும். பக்கம் பக்கமாக எழுதும் வேலை சில வார்த்தைகளில் அடங்கிப்போயிற்று. மழை வந்தால் என்ன மாறும், பக்கத்துத் தெருவில் திருவிழா என்றால் என்ன மாறும் என்று அந்தப் பெண்மணிக்கு மட்டுமே தெரிந்த ஞானத்துக்கு இடம் விட்டு, மற்றதை இயந்திரத்தின் தலையில் கட்டிய இந்த ஏற்பாட்டைவிட நேர்த்தியான ஆலோசனைப் பணியை நான் படித்ததில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பழக்கங்கள் மிகவும் சாதாரணமானவை, ஆகையால்தான் அலட்சியப்படுத்தப்படுகின்றன. ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து வழங்கும் ஜன்னலுக்குப் புதிய மென்பொருள் அமைக்க ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்பாளரின் அறையில் குளிரூட்டியின் கீழ் அமர்ந்து, நடைமுறை என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு போனால், விதிமுறைப் புத்தகத்தில் உள்ளது அவருக்குக் கிடைக்கும். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முழு நாள் நின்றால்தான், கணினியில் இருப்பு இல்லை என்று காட்டும் மாத்திரை அலமாரியில் இருப்பதும், அலமாரியில் இல்லாதது கணினியில் இருப்பதும், அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதற்காக மருந்தாளுநர் மேஜை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்பதும் தெரியவரும். அந்த நோட்டுதான் உண்மையான அமைப்பு. எந்த அலுவலகத்திலும் அதிகாரபூர்வமான மென்பொருளுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நோட்டோ ஓர் எக்செல் கோப்போ ஒளிந்திருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தெரிந்தவரே இந்தத் தொழிலில் அரைவாசி தேறியவர். மிரட்டிக் கேட்டால் அது கிடைக்காது. தன்னைக் காட்டிக்கொடுப்பதற்காக வந்தவர் என்ற சந்தேகம் தீர்ந்த பிறகே அந்த இழுப்பறை திறக்கும்.

விதிவிலக்குகளைக் கேட்பது இதனோடு சேர்ந்த மற்றொரு பழக்கம். வழக்கமாக என்ன நடக்கும் என்று கேட்டால் எல்லோரும் ஒப்புவிப்பார்கள். சென்ற மாதம் எந்த நாள் எல்லாம் குழம்பிப்போயிற்று என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். கேட்டதை அன்றைக்கு மாலையே எழுதி, சொன்னவரிடமே காட்டி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று விசாரித்துக்கொள்வது அதைவிட முக்கியம். மனிதர்களின் ஞாபகம் தனக்குச் சௌகரியமான திசையில் சாயக்கூடியது. ஆலோசகரின் ஞாபகமும் அப்படித்தான்.

கேட்காமல் விட்டதற்குக் கட்டப்பட்ட விலைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளின் ஏறத்தாழ 80,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் புதிய அமைப்பு 2010 மார்ச்சில் தொடங்கியது. அந்தச் சம்பளக் கணக்கிலோ 200க்கும் மேற்பட்ட படிகள் இருந்தன; இரவுப் பணி, மிகுநேரப் பணி, தொலைதூர ஊர்ப் பணி என்று அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடந்தன. இந்தச் சிக்கலின் ஆழத்தை அறியாமலே வேலையின் எல்லை வகுக்கப்பட்டது. பழைய கணக்கையும் புதிய கணக்கையும் முழுமையாக அருகருகே ஓட்டி ஒப்பிடும் சோதனையும் நடைபெறவில்லை. தொடங்கியதும் தாதியர் பலருக்குச் சம்பளம் வரவில்லை, சிலருக்கு அதிகமாக வந்தது. சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குப் பேசப்பட்ட அந்தக் காரியத்தின் மொத்தச் செலவு 120 கோடி டாலராகும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013இல் அரசாங்க அதிகாரிகள், ஒப்பந்த நிறுவனம் ஆகிய இரு தரப்பையும் கண்டித்தது. லியோவில் 1953இன் இறுதியில் சம்பளம் போடத் தொடங்குமுன், குமாஸ்தாக்களின் கைக்கணக்கோடு இயந்திரத்தின் கணக்கைச் சில காலம் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நம்பினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

இனி, இரண்டாவது குணமாகிய துணிவுக்கு வருகிறேன். இது முதலாவதைவிடக் கடினம். ஏனென்றால் பொறுமைக்கு எதிரி சோம்பல் ஒன்றுதான், துணிவுக்கோ வருமானமே எதிரியாக வந்து நிற்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2010இல் நிறைவேறிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, தமக்கென்று சந்தை ஏற்படுத்திக்கொள்ளாத 36 மாநிலங்களின் மக்கள் காப்பீட்டுத் திட்டங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக, ஹெல்த்கேர் டாட் கவ் என்ற இணையதளம் 2013 அக்டோபர் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. திறந்த நாளிலேயே அது படுத்துவிட்டது. முதல் நாள் அதன் வழியாக வெற்றிகரமாகப் பதிவு செய்துகொண்டவர்கள் ஆறு பேர் என்று அரசாங்கத்தின் உட்குறிப்புகளே பிற்பாடு காட்டின. அமெரிக்க ஜனாதிபதியின் பெயரோடு இணைத்துப் பேசப்பட்ட ஒரு சட்டத்தின் வாசல் கதவு இப்படித் திறக்க மறுத்தது உலகம் முழுவதும் பரிகாசத்துக்கு உள்ளானது. இவ்வளவும் பலருக்கு நினைவிருக்கும். அதே ஆண்டின் வசந்த காலத்திலேயே மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் வேலையை ஆராய்ந்து, தேவைகள் இன்னமும் மாறிக்கொண்டே இருக்கின்றன, தீர்மானம் செய்ய அதிகாரம் படைத்த ஒரே நபர் என்று யாரும் இல்லை, ஆதியோடு அந்தமாகச் சோதித்துப் பார்க்கப் போதிய அவகாசம் விடப்படவில்லை என்றெல்லாம் உயர் அதிகாரிகளிடம் தெரிவித்திருந்தது என்பது பலருக்கு நினைவிராது. அந்த ஸ்லைடுகளை ஒரு நாடாளுமன்றக் குழு நவம்பரில் வெளியிட்டபோது, நடக்கப்போவதை ஆறு மாதம் முன்பே யாரோ எழுதி வைத்துவிட்டது போலத்தான் இருந்தது.

அப்படியானால் ஆலோசகர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்களே, குறை கேளாதவர்களுடையதுதானே என்று வாதிக்கலாம். நியாயமான வாதம், பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆயினும் ஓர் அபாயத்தைப் பத்து அபாயங்களில் ஒன்றாக, நாசூக்கான பாஷையில், அம்புக்குறிகளுக்கும் கட்டங்களுக்கும் நடுவில் வைத்துச் சொல்வதற்கும், 'இந்தத் தேதியில் திறந்தால் இது நிற்காது. தேதியைத் தள்ளுங்கள், அல்லது வேலையைக் குறையுங்கள்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்வதற்கும் மிகுந்த தூரம் உண்டு. முன்னது சொன்னவரைப் பாதுகாக்கிறது. பின்னது காரியத்தைப் பாதுகாக்க முயல்கிறது. பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், நாளை ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் 'நாங்கள் அப்போதே சொன்னோம்' என்று எடுத்துக் காட்டுவதற்காகவே சில பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவோ என்ற ஐயம் எனக்கு எழாமல் இருப்பதில்லை.

அதே அக்டோபர் மாதம் 24ஆம் தேதி, அந்த இணையதளத்தைக் கட்டிய ஒப்பந்த நிறுவனங்களின் அதிகாரிகள் பிரதிநிதிகள் சபையின் குழு முன் சாட்சியம் அளித்தார்கள். அவரவர் பகுதி அநேகமாகச் சரியாகவே இருந்தது என்ற தோரணையில்தான் அவர்கள் பேசினார்கள். முழு அமைப்பையும் சேர்த்துச் சோதித்தது திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் என்பதையும், அதற்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்திருக்க வேண்டும் என்பதையும் கேள்விகளுக்கு விடையாக ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் மாதத்தில் அந்த வேலையில் இருந்த எத்தனையோ கெட்டிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தும், தம் எல்லைக்கு வெளியே உள்ளதைப் பற்றி வாய் திறப்பது ஒப்பந்தத்தில் இல்லாத காரியம் என்று இருந்துவிட்டார்கள். தன் பங்கு வேலை குறைவறச் செய்து முடித்தும் மொத்தக் காரியம் கெட்டுப்போகலாம் என்பதும், அப்போது தன் பங்கின் செம்மை எவருக்கும் எந்த ஆறுதலையும் தராது என்பதும் ஆலோசகர் தொழிலில் இறங்குபவர் முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டியவை.

மீட்பு நடந்த விதம் இன்னும் படிப்பினை மிகுந்தது. ஜெஃப்ரி சயன்ட்ஸ் என்ற நிர்வாகியிடம் பொறுப்பு கொடுக்கப்பட்டது; கூகுளில் பெரிய தளங்கள் படுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த மைக்கி டிக்கர்சன் போன்ற சிலர் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், தளம் எந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும் அளவுமானி எதுவும் அங்கே இல்லை. தளம் படுத்துவிட்டது என்பதைத் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை. முதலில் அந்த அளவுமானியை ஏற்படுத்தினார்கள். பிறகு காலையும் மாலையும் நின்றபடியே ஒரு கூட்டம். அந்த அறையின் சுவரில் டிக்கர்சன் மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். கூட்டம் பிரச்சினையைத் தீர்ப்பதற்கு, பழியை மாற்றிப் போடுவதற்கு அல்ல. பேச வேண்டியவர் பதவியில் உயர்ந்தவர் அல்ல, விஷயம் தெரிந்தவர். அடுத்த ஓரிரு நாட்களில் நம்மைக் கவிழ்க்கக்கூடியதைப் பற்றி மட்டும் பேசுவோம் என்பது அவற்றின் சாரம். புதிய மேதைமை எதுவும் தேவைப்படவில்லை; ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்த அதே பொறியாளர்களில் பெரும்பாலோரை வைத்துக்கொண்டு, நவம்பர் இறுதிக்குள் ஒரே சமயத்தில் 50,000 பேர் புழங்கத்தக்கதாக அந்தத் தளத்தை நிமிர்த்திவிட்டார்கள். அடுத்த ஏப்ரலுக்குள், மாநிலச் சந்தைகளையும் சேர்த்து, 80 லட்சம் பேர் காப்பீட்டுக்குப் பதிவு செய்திருந்தார்கள்.

மூன்று விதிகளில் இரண்டாவது விதி நம்மவர்களுக்கு மிகவும் அவசியமானது என்று கருதுகிறேன். சென்னையில் இரவு ஒன்பது மணிக்கு, நியூஜெர்ஸியில் உள்ள வாடிக்கையாளருடன் நடக்கும் ஒரு சாதாரணத் தொலைபேசிக் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். கோளாறு எங்கே என்று பிரத்தியட்சமாக அறிந்த இளம் பொறியாளர் மைக்கை அணைத்துவிட்டு மௌனமாக அமர்ந்திருப்பார். அவருடைய மேலாளர் பேசுவார். அந்த மேலாளருக்கு மேலான டெலிவரி மேனேஜர் குறுக்கிட்டு, 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம்' என்று வாக்களிப்பார். முடியாது என்பது பொறியாளருக்கு அப்போதே தெரியும். கூட்டம் முடிந்த பிறகு, 'ஏம்பா, முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?' என்று யாரேனும் கேட்டால், 'சார் பேசும்போது நான் எப்படி நடுவுல பேசறது?' என்பதே பதிலாக வரும். பெரியவர்களுக்கு முன் அடங்கியிருப்பதை மரியாதையாகப் போதித்து வளர்த்த குடும்பங்களிலிருந்தும், கேள்வி கேட்பவனைத் துடுக்கன் என்று முத்திரை குத்திய வகுப்பறைகளிலிருந்தும் வந்தவர்களிடம், திடீரென்று ஒரு நாள் சுதந்திரமான அபிப்பிராயம் சொல்லும் பழக்கத்தை எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

ஆயினும், இதை நம் பண்பாட்டின்மேல் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. திருக்குறளில் அமைச்சு என்ற அதிகாரத்தை எழுதியவர், சொல்வதைக் கேட்கும் அறிவோ தானாக அறியும் அறிவோ அரசனிடம் இல்லாதபோதும், அருகில் இருப்பவன் உறுதியானதை எடுத்துச் சொல்வது அவன் கடமை என்று தீர்மானமாக விதித்திருக்கிறார். அரசனிடம் அப்படிப் பேசுவது உயிரோடு விளையாடும் காரியம். வாடிக்கையாளரிடம் பேசினால் அதிகபட்சம் ஓர் ஒப்பந்தம் போகும். மறுத்துப் பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெறுமனே முடியாது என்று நிறுத்திவிடாமல், வெள்ளிக்கிழமைக்குள் எது முடியும், எது முடியாது, முடியாததை முடிக்க என்ன வேண்டும் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்கிறவரை எந்த வாடிக்கையாளரும் வெறுத்து நான் கண்டதில்லை. தெரியாத கேள்வி வந்தால், 'எனக்குத் தெரியாது, நாளைப் பகலுக்குள் விசாரித்துச் சொல்கிறேன்' என்று கூறி, மறுநாள் பகலுக்குள் சொல்லியும்விடுவது இதே வகையைச் சேர்ந்தது. இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறவர்கள் முதல் பாதியால் கிடைத்த நன்மதிப்பையும் இழந்துவிடுகிறார்கள்.

துணிவுக்கு வருமானம் எதிரி என்றேன். வைத்தியரே மருந்துக் கடைக்கும் முதலாளியாக இருந்தால் அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற பழைய சங்கடம் இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது. கணினி ஆலோசனையின் தொடக்கம் என்று அமெரிக்கர்கள் குறிப்பிடுவது, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954இல் யூனிவாக் இயந்திரத்தை நிறுவியதைத்தான். அதற்கு யோசனை சொன்னது ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம். அரை நூற்றாண்டு கழிந்தது. கணினி ஆலோசனைப் பிரிவு தனியாகப் பிரிந்துபோய் 2001இல் அக்சென்சர் என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஆண்டர்சனோ தணிக்கையுடன் கூடவே வேறு ஆலோசனைகளையும் விற்றுக்கொண்டிருந்தது. என்ரான் கம்பெனியிடமிருந்து 2000ஆம் ஆண்டில் தணிக்கைக்கு இரண்டரைக் கோடி டாலரும், தணிக்கை அல்லாத பணிகளுக்கு அதைவிடச் சற்று அதிகமாக 2 கோடியே 70 லட்சம் டாலரும் அது பெற்றது. மறு ஆண்டு என்ரான் கவிழ்ந்தது; 2002இல், அந்த விவகாரத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஆண்டர்சன் தன் தணிக்கை உரிமங்களை ஒப்படைத்தது. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மீதான தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தபோது, காப்பாற்றுவதற்கு அங்கே நிறுவனம் என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

நம் ஊர்ச் சிறு ஆலோசகருக்கு இவ்வளவு பெரிய ஆபத்து இல்லை என்றாலும், சிறிய உருவத்தில் அதே சோதனை வாரந்தோறும் வரும். இன்ன மென்பொருளைச் சிபாரிசு செய்தால் விற்பவர் இத்தனை சதவிகிதம் தருவார். இருக்கிற பழைய அமைப்பே போதும் என்று சொன்னால் ஆறு மாத வேலை போய்விடும். மணிக் கணக்கில் பில் போடுகிறவருக்கு வேலை சீக்கிரம் முடிவது நஷ்டம். கமிஷன் வாங்குவது உண்டென்றால் அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது ஒன்றே இதற்கு நான் அறிந்த பரிகாரம். தெரிவிக்கக் கூச்சமாக இருக்கிற கமிஷனை வாங்காமல் இருந்துவிடலாம். சந்தையில் இதனால் சில வாய்ப்புகள் நழுவும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, விடைபெறும் கலையைப் பற்றி ஒரு வார்த்தை. லயன்ஸ் தன் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத ஆட்களை எடுக்கும்போது, தன் சொந்த அலுவலக ஊழியர்களுக்கே ஒரு வகுப்பு நடத்தி, அவர்களிலிருந்து பலரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு ரொட்டிக் கணக்கு முன்பே தெரியும், இயந்திரத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதுமானதாக இருந்தது. இன்றோ ஆலோசகர்கள் வந்து, கட்டி, புரியாத ஒரு பெரிய அமைப்பை விட்டுவிட்டு, ஓர் ஐந்நூறு பக்க ஆவணத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மறு மாதம் ஏதாவது நின்றுபோனால் அவர்களையே மறுபடி அழைக்க வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் வாடிக்கையாளரின் ஊழியர்களே எல்லாவற்றையும் இயக்க வேண்டும், ஆலோசகர் அதே அறையில் உட்கார்ந்திருந்தாலும் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்று ஒரு ஷரத்து எழுதிவிட்டால் இந்தக் குறை பெருமளவு நீங்கும். நிற்கக்கூடியதை மட்டும் கட்ட வேண்டும் என்ற கவனமும் ஆலோசகருக்கு முதல் மாதத்திலேயே தானாக வந்துவிடும். இப்படி ஒரு ஷரத்துக்குச் சம்மதிக்கும் நிறுவனங்கள் சொற்பம். அதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள், அரசாங்க இலாகாக்கள் உட்பட, அதனினும் சொற்பம்.